எல்லாருக்கும் முந்தி வந்த அக்கா

ஆசிரியர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்ல வருவது சட்டென்று புரிந்துவிடும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் சார். நமக்கு மட்டும் அவர் சாருமில்லை. சில நாட்களில் அப்பாவுமில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நமக்கெல்லாம் இப்போது நேரத்துக்கா பஞ்சம்? பிள்ளைகள் கோலாலம்பூர் பக்கம் போய்விட்டார்கள். மலாக்காவில், புக்கிட் காத்தில் என்ற ஊரில் உள்ள வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்போது, ஜாசினில் கழிந்த அந்த ஒரு பருவம் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தேன்.

அப்பா ஜாசினில் இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர். பாடமெல்லாம் மலாயில். தோட்டங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் படித்துவிட்டுத்தான் வருவார்கள். இருந்தாலும் கணக்கு என்று வந்தால் திணறுவார்கள். 'பெச்சாஹான்' என்றால் பின்னம்தான் என்று மண்டையில் ஏறுவதற்குள் வகுப்பு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். அதனால் மூன்றாம் படிவம், அதாவது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும், பள்ளி விட்ட பிறகு, எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா தமிழில் மறுபடி சொல்லிக்கொடுத்தார். ஆண்டுக் கடைசியில் அவர்களுக்கு அரசாங்கப் பரீட்சை. அதில் தவறினால் நாலாம் படிவம் கிடையாது. நேரே தோட்டம், இல்லையென்றால் ஃபேக்டரி.

சந்தைக்குப் பின்னால் இருந்த பலகை வீடு அது. முன்னறைச் சுவரில் கறுப்புச் சாயம் பூசிய ஒட்டுப்பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பார். சுண்ணாம்புக் கட்டிகள் பிஸ்கட் டின்னில் இருக்கும். தரையில் பாய். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் வியர்வையும் பள்ளிப் பை நெடியும் ஈரக் காலுறை வாடையும் அறையை நிறைத்துவிடும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அந்த ஆண்டு எனக்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அம்மா வீட்டில் இல்லை. சிம்பாங் அம்பாட்டில் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள். "ஒரு மாசம் பாத்துட்டு வந்துடுறேன்" என்று தம்பியையும் தூக்கிக்கொண்டு அம்மா போனார். ஒரு மாதம் நாலைந்து மாதமாக நீண்டது. எப்போதாவது ஒரு சனிக்கிழமை மூன்று பேருந்து மாறி வருவார். வீட்டைக் கழுவுவார், துணி துவைப்பார், ஞாயிறு மாலை போய்விடுவார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு நின்றுவிட்டேன். அப்பா கடையிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்பாவிடம் கோபம் கிடையாது, பேச்சும் கிடையாது. வகுப்பில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு வந்தவர் போல இருப்பார்.

அதே மனிதர் கரும்பலகை முன்னால் நின்றால் வேறு ஆள். பின்னம், தசமம், விழுக்காடு மூன்றும் ஒரே எண்ணின் வடிவங்கள் என்பது பல பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. அரை ஒரு கணக்கு, பூஜ்யம் புள்ளி ஐந்து வேறொரு கணக்கு, ஐம்பது விழுக்காடு மூன்றாவது என்றே நினைத்தார்கள். அப்பா ஒரு பையனை எழுப்பி நிறுத்தினார்.

"இவன் காலையில வெள்ளச் சட்ட போட்டுப் பள்ளிக்கூடம் வரான். சாயங்காலம் பனியனோட பந்தாடுறான். தைப்பூசத்துக்கு வேட்டி கட்டுறான். ஆள் மாறிட்டானா?"

"வேட்டி கட்டுனா கொஞ்சம் நல்லவன் மாதிரி தெரிவான் சார்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

அறை சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "சரி, நல்லவனா தெரியிறதும் அவந்தான. எந்த எடத்துக்கு எந்தச் சட்டையோ அத மாட்டணும். கூட்டுறதுக்குத் தசமம் சுலபமா இருந்தா தசமமா மாத்திக்க."

இன்னொரு நாள் ஒருவன் இரண்டு எக்ஸையும் மூன்றையும் கூட்டி ஐந்து எக்ஸ் என்று எழுதிவிட்டான். அப்பா கேட்டார்: "கூடையில ரெண்டு டுரியானும் மூணு ரம்புத்தானும் கெடக்கு. எத்தன டுரியான்?"

"அஞ்சு பழம் சார்!"

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பையன் மேல் பொறாமையாக இருந்தது. தப்புப் போட்டே அப்பாவைச் சிரிக்கவைத்துவிட்டானே.

இனி அந்த அக்காவைப் பற்றி. அவர் ஜாசினுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து பேருந்தில் வருவார். நெடுநெடுவென்று வளர்ந்தவர். நீலப் பினாஃபோர் சீருடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டதால் விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்திருப்பார். பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும். விடுமுறை நாட்களில் தன் அம்மாவோடு மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவதால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல்களில் ரப்பர் பாலின் புளிச்ச வாடை லேசாக இருக்கும்.

பள்ளி விட்டதும் மற்றப் பிள்ளைகள் திடலில் பந்தாடிவிட்டு, பேருந்து நிலையத்தில் ஐஸ் தண்ணி குடித்துவிட்டு மெதுவாகத்தான் வருவார்கள். ஒரு நாள் அக்கா மட்டும் முந்தி வந்தார். அப்பா சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் கண்ணயர்ந்திருந்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து, சீப்பு சிக்கிக்கொண்ட தலையோடு அழுதுகொண்டிருந்தேன். அம்மா போனதிலிருந்து, அவர் வந்துபோகும் ஓரிரு நாட்கள் தவிர, என் தலையை யாரும் தொடவில்லை. வகுப்பாசிரியை அன்று எல்லார் முன்னாலும், "நாளைக்கும் இப்படி வந்தா கத்தரிச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

"என்னா பாப்பா இது, குருவி கூடு கட்டிருக்கு?" அக்கா என் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "எண்ண எங்க இருக்கு?"

சிக்கெடுக்க வெகுநேரம் ஆனது. அடிமுடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வந்தார். வலிக்கவில்லை. பின்னி முடித்து ரிப்பன் கட்டி, "இறுக்கிப் போட்டிருக்கேன். நாள காலைல வரைக்கும் தாங்கும். உருளாம தூங்கு" என்றார். அப்படியே தூங்கினேன்.

மறுநாளும் வந்தார். அதன் பிறகு வகுப்பு இருந்த நாளெல்லாம் எல்லாருக்கும் முந்தி வந்தார். பின்னும்போது சும்மா இருக்கமாட்டார். முந்தின நாள் பாடத்தை முணுமுணுப்பார். "ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு, பதினொண்ணு. மூண இந்தப் பக்கம் கழிச்சா அந்தப் பக்கமும் கழிக்கணும். ரெண்டு எக்ஸ் எட்டு. அப்ப எக்ஸ்?" என்று என் பின்னந்தலையைப் பார்த்துக் கேட்பார். நான் சொல்லவில்லையென்றால் முடியை லேசாக இழுப்பார். இயற்கணிதம் எனக்கு அப்படித்தான் வந்தது, தேங்காய் எண்ணெய் வாசனையோடு.

தலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பாயில் போய்ப் புத்தகத்தை விரித்துவிடுவார். அப்பா முகம் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது அவர் கண்ணில் படுவது குனிந்து கணக்குப் போடும் ஒரு மாணவி. "வந்துட்டியாம்மா" என்பார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னமும் கேட்கிறது.

ஒரு நாள் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எக்ஸ் வரும் கணக்கு. ஐந்து எக்ஸ், இரண்டு எக்ஸோடு பன்னிரண்டைக் கூட்டினால் வருவதற்குச் சமம். "ரெண்டு பக்கமும் ரெண்டு எக்ஸ கழிச்சிடுங்க" என்றார் அப்பா. எல்லாரும் எழுதினார்கள். அக்கா எழுதவில்லை.

"சார், எக்ஸ் எவ்வளவுன்னே தெரியல. தெரியாதத எப்படி சார் கழிக்கிறது?"

அப்பாவின் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி நின்றது. "இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் இதக் கேட்டதில்ல" என்றார். சமையலறைக்குள் வந்து மூடியிருந்த பிஸ்கட் டின்களை அள்ளிக்கொண்டு போய்ப் பாயின் இரண்டு பக்கமும் அடுக்கினார். "இது தராசுன்னு வச்சிக்க. எல்லா டின்லயும் ஒரே அளவு சாமான். உள்ள எவ்வளவு இருக்குன்னு நமக்குத் தெரியாது. இங்க ரெண்டு டின் எடுக்கிறேன், அங்கயும் ரெண்டு எடுக்கிறேன். தராசு சாயுமா?"

"சாயாது."

"எடுக்கிறதுக்கு மூடியத் தொறந்து பாக்கணுமா?"

அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது. "வேணாம் சார்."

நான் வாசலில் நின்றபடி "நாலு" என்றேன். விடை அதுதான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "நீ உள்ள போய் உன் பாடத்தப் பாரு. பெரியவங்க படிக்கிற எடம்."

"சார், பாப்பா சரியாத்தான் சொன்னுச்சு" என்றார் அக்கா.

"யாராச்சும் சொன்னது காதுல விழுந்திருக்கும்" என்று அப்பா பலகை பக்கம் திரும்பிவிட்டார். எனக்குக் கணக்கு வராது என்று அவர் எப்போது முடிவுகட்டினார் என்று எனக்குத் தெரியாது. நானும் உள்ளே போய்விட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கையில், வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தபோது அக்கா மட்டும் நின்றார். "சார், அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரமாட்டேன். தோட்டத்துக்கு ஃபேக்டரி பஸ் வருது. அப்பா பேர் குடுத்துட்டாரு."

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டார். அக்கா வெள்ளிக்கிழமை போட்டுவிட்ட பின்னலோடுதான் நானும் போனேன்.

தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கடைசி வீடு. அக்காவின் அப்பா ஒல்லியான மனிதர். துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அப்பா உட்காரும்வரை நின்றார். அக்காவின் அம்மா எனக்கு ஆரஞ்சுத் தண்ணி கலந்து கொடுத்தார். அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"உங்க பொண்ணு மாதிரி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்லீங்க" என்று அப்பா ஆரம்பித்தார். பரீட்சையைச் சொன்னார், நாலாம் படிவத்தைச் சொன்னார், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிவரை சொன்னார். டின் கதையையும் சொன்னார். அக்காவின் அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். முகம் இளகுவது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்காவின் அம்மா கேட்டார்: "சார் வீட்டம்மா சௌக்கியமா? கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அவங்க ஊர்ல இல்லீங்க. சிம்பாங் அம்பாட்டுல அவங்க அக்காவப் பாத்துக்கப் போயிருக்காங்க."

"எப்பப் போனாங்க?"

"ஆச்சு, நாலஞ்சு மாசம்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. உற்சாகத்தில் இருந்தார். "அவ்வளவு ஆர்வம்க பிள்ளைக்கு. தெனமும் எல்லாருக்கும் முந்தி வந்து உக்காந்துடுது. நான் தூங்கி எழுந்திரிச்சா எனக்கு முன்னால அது இருக்கு. எத்தன பேர் அப்படி வருவாங்க, நீங்களே சொல்லுங்க."

 வெளியே கோழி ஒன்று தகர வாளியைக் கொத்திக்கொண்டிருந்தது. அக்காவின் அப்பா எழுந்தார். "சரிங்க சார். நாங்க பேசிக்கிறோம். வெயிலுக்கு முந்தி பாப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவிடுக்கில் முகத்தைக் காட்டினார். என் தலையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் அம்மா திரும்பியதும் உள்ளே போய்விட்டார். வரும் வழியில் அப்பா விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கே வரவில்லை. செவ்வாயும் இல்லை. அந்த வாரக் கடைசியில் மற்ற இரண்டு பெண்பிள்ளைகளும் வகுப்புக்கு வராமல் நின்றார்கள். பிறகு பையன்களும் ஒவ்வொருவராக ஏதோ காரணம் சொல்லி நின்றுகொண்டார்கள். எதிர்வீட்டு அத்தை, பலகாரம் செய்தால் என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கும் நல்ல மனுஷி, படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அக்கா என் தலையைப் பின்னியது வீட்டுக்குள். தினமும் அவர் கண்ணில் பட்டது வாசலில் கிடந்த ஒரு ஜோடிப் பெண்பிள்ளைச் சப்பாத்து மட்டும்தான். தோட்டத்தில் அக்காவின் அம்மா காதுக்கு ஏற்கனவே ஏதோ எட்டியிருக்க வேண்டும். மீதியை அப்பாவே தன் வாயால் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே விளங்கியது? அப்பாவுக்கும் அன்று விளங்கவில்லை.

முன்னறை காலியானது. அப்பா மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வருவார், வெறும் பாயைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவார். என் தலையில் பின்னல் தளர்ந்து, ரிப்பன் நழுவி, பழையபடி கூடு கட்டியது. பள்ளிக்கூடத்தில் கத்தரித்தும் விட்டார்கள்.

அம்மா அடுத்த முறை ஒரு சனிக்கிழமை வந்தபோது பேருந்து நிலையத்திலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார். அப்பா, "என்னா பண்ணேன்?" என்றார். அம்மா சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் கறுத்தது. "ச்சீ" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடாததும் அம்மாவுக்குச் சந்தேகமாகப் போய்விட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

"வயசுப் பொண்ணு எதுக்கு யாரும் வர்றதுக்கு முந்தி வருது? சொல்லுங்களேன்."

"கணக்குல ஆர்வம்..."

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "எனக்குத் தல பின்ன வந்தாங்கம்மா" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். கத்தரித்த முடியை அப்போதுதான் பார்த்தார். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலையா?" என்றார்.

"பின்ன யாரு பின்னிவிட்டதுன்னு நெனச்சீங்க?" என்று அம்மா கேட்டார். குரலில் கோபம் போயிருந்தது.

"அவளே போட்டுக்கிறான்னு..."

நண்பர்களே, அந்த முகத்தை நான் இத்தனை ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். பழி விலகிய நிம்மதி அதில் இல்லை. அவருடைய வீட்டைத் தேடி ஒரு பிள்ளை ஓடி வந்தது கணக்குக்காக அல்ல என்பதுதான் அவரை அடித்தது. அது பாதிதான் உண்மை. அக்கா இரண்டுக்கும் வந்தார். எக்ஸ் என்னவென்று என்னிடம் கேட்ட அந்தக் குரலில் கணக்கைத் தவிர வேறென்ன இருந்தது? ஆனால் அதைச் சொல்ல எனக்கு அப்போது வார்த்தை இல்லை.

மறுநாள் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தேறித் தோட்டத்துக்குப் போனார். என்னை முன்னால் நிறுத்தி, கத்தரித்த தலையைக் காட்டி, அக்காவின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். இரண்டு பெண்களும் சமையலறையில் வெகுநேரம் பேசினார்கள். அக்கா வீட்டில் இல்லை. உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து அம்மா அப்பாவிடம் சொன்னார்: "பரீட்ச எழுதுவா. இங்க வரமாட்டா. நீங்களும் இனி வீட்டுல கிளாஸ் வைக்காதீங்க."

அப்பா தலையாட்டினார். கரும்பலகையை எடுத்துப் போய்க் கோழிக்கூண்டுக்கு மறைப்பாக வைத்தார். ஒரே மழையில் சாயம் கரைந்துவிட்டது.

அக்கா பரீட்சை எழுதினார். கணிதத்தில் பள்ளியிலேயே அவருக்குத்தான் முதல் மதிப்பெண். அதை அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனாலும் நாலாம் படிவத்துக்கு அவர் வரவில்லை. ஒரு முறை அம்மாவோடு பசாருக்குப் போய்விட்டு வரும்போது, ஃபேக்டரி பஸ்ஸின் ஜன்னலோரம் நீலச் சட்டையில் அவரைப் பார்த்தேன். கை காட்டினேன். அவரும் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த யாரோ ஏதோ கேட்க, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. என் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பலரிடம் விசாரித்துப் பார்த்தேன். ஜொகூர் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான்.

புகுமுக வகுப்பு முடிந்து, படிவங்கள் ஏறி, நானும் அப்பாவின் கணித வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். பள்ளியில் அவரை எல்லாரும் மலாயில் 'சிக்கு', அதாவது ஆசிரியர், என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். வீட்டில் நாங்கள் முன்பைவிடவும் குறைவாகவே பேசிக்கொண்டிருந்தோம்.

இயற்கணிதம் தொடங்கிய வாரம் அது. இரண்டு பக்கமும் எக்ஸ் வரும் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, "சியாபா தாக் ஃபஹாம்?" என்று கேட்டார். யாருக்குப் புரியவில்லை என்று கேட்கிறார். நான் கையைத் தூக்கினேன்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு வரிசைகளுக்கு நடுவே நடந்து என் மேசைக்கு வந்தார். குனிந்தார். சட்டைக் கையில் சுண்ணாம்புத் தூள். என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் தமிழில் கேட்டார்: "எங்கம்மா புரியல?"

முதல் வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், முன்னறைப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொன்னார். விடை எனக்கு அவர் பலகையில் எழுதும்போதே தெரியும்.

"இப்பப் புரிஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.